தரமணியில் போரிட்ட வீரன்

பிரான்சன் என்னும் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 13,000தான். ஆனால் அங்கே காலை பத்து மணிக்கே திரை விலகிப் பாட்டும் கூத்தும் தொடங்கிவிடும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் தெற்கே, ஓஸார்க் மலைகளுக்கு நடுவே இருக்கும் இவ்வூரில், 1959-இல் பால்ட்நாபர்ஸ் என்ற சகோதரர்களின் குழு சலவைத் தொட்டியையும் சலவைப் பலகையையும் வாத்தியமாக்கி, டேனிகோமோ ஏரிக்கரையில் நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது. 1967-இல் பிரெஸ்லி குடும்பம் 76-ஆம் எண் சாலையோரம் முதல் அரங்கைக் கட்டியபோது, கூட்டம் வராவிட்டால் படகு நிறுத்தும் கொட்டகையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற முன்யோசனையோடுதான் கட்டியதாகச் சொல்வார்கள். கூட்டம் வந்தது. இன்று அந்தச் சாலையின் இருபுறமும் அரங்குகள்தான்.

அந்த முன்யோசனையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால், நவம்பர் முதல் வாரத்தில் 28 அடி நீள ஆர்.வி. என்னும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மனைவியோடும் பத்து வயது மகளோடும் செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பியிருக்க மாட்டேன். தொலைவு என்னவோ 250 மைல்தான். அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் கூடவே வருகின்றன, விடுதிச் செலவு மிச்சம் என்று நான் போட்ட கணக்கை, ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைலைத் தாண்டாத அந்த வண்டி ஸ்பிரிங்ஃபீல்டு வருவதற்குள்ளேயே அழித்துவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் ஆர்.வி.க்குப் பின்னால் ஒரு சிறு காரையும் கட்டி இழுத்து வருவார்கள் என்பது, பிரான்சனில் இவ்வகை வண்டிகள் தங்கும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. கார் இல்லாதவன் ஊருக்குள் எங்கே போக வேண்டுமானாலும், மின்கம்பியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, தட்டுமுட்டுச் சாமான்களை அலமாரிக்குள் பூட்டி, குடும்பத்தோடு வீட்டையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் இரண்டு நாள் மழையைக் காரணம் காட்டி வண்டிக்குள்ளேயே சீட்டாடினோம். மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக் காட்சிக்கு இருக்கை பதிவு செய்திருந்ததால், பதினோரு மணிக்கே வீட்டைப் பெயர்க்கும் வேலையில் இறங்கினேன்.

ஆர்.வி.யின் வயிற்றில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்வது சாம்பல் தொட்டி. மற்றது சேர்வது கருப்புத் தொட்டி. கருப்பை முதலில் திறந்து, பிறகு சாம்பலைத் திறந்தால், சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். நான் சாம்பலை முதலில் திறந்தேன். அதைவிடப் பெரிய பிழை, கருப்புத் தொட்டியின் அடைப்பானை வந்த நாளிலிருந்தே திறந்து வைத்திருந்தது. அப்படி வைத்தால் திரவம் மட்டும் வடிந்துபோக, மிச்சம் தொட்டிக்குள் குன்றாகக் குவியுமாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர், நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்து வந்த பக்கத்து வண்டிப் பெரியவர். எழுபதுகளின் பிற்பகுதியில் இருப்பார். இருவரும் வண்டிக்கு அடியில் குனிய வேண்டியிருந்ததால் தொப்பிகளைக் கழற்றி மர மேசையில் வைத்தோம். தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும் ஊறவிடுவதும் திறப்பதுமாக, அவருடைய பொறுமையில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. தூறல் மறுபடி தொடங்கியது. நன்றி சொல்லி, கையைக் கழுவி, மேசையிலிருந்த கருப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

76-ஆம் எண் சாலையில் வாகனங்கள் தேர் நகர்வது போலத்தான் நகரும். அரங்கை அடைந்தபோது, சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் பக்கத்தில் எங்களுக்கு இடம் காட்டிய ஊழியர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இவ்வளவு பெரிய வண்டியை ஒரே திருப்பில் நிறுத்தியதைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். சீட்டு கொடுத்த பெண், நான் வாய் திறக்கும் முன்பே எட்டு டாலரைக் குறைத்துப் புன்னகைத்தார். வாசலில் ஒரு மூதாட்டிக்காகக் கதவைப் பிடித்தபோது, “உங்கள் சேவைக்கு நன்றி” என்று அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். கதவைப் பிடித்ததற்கு இவ்வளவு நெகிழ்ச்சியா என்று தோன்றினாலும் கேட்க இதமாக இருந்தது. மென்பொருள் சேவைத் துறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரும் அந்தச் சொற்களைச் சொன்னதில்லை.

இருக்கையில் அமர்ந்ததும் பக்கத்திலிருந்த முதியவர் மெல்லிய குரலில் கேட்டார்.

“எங்கே பணியில் இருந்தீர்கள்?”

“பல ஆண்டுகள் தரமணியில்.”

அவர் கண்களைச் சுருக்கி யோசித்தார். “அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. கடுமையான இடமா?”

“பகலில் சமாளித்துவிடலாம் ஐயா. இரவுகள்தான் கொடுமை. எந்த நேரத்தில் எது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.”

அவர் என் தோளில் கை வைத்து, நெடுநேரம் எடுக்கவே இல்லை.

நிகழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபிடில் வாசித்தவரின் வில் கண்ணுக்கே தெரியவில்லை. பல்லில்லாதவன் வேடத்தில் வந்த கோமாளியின் பேச்சு பாதிதான் புரிந்தது என்றாலும், என் மகள் சிரித்த இடங்களிலெல்லாம் நானும் சிரித்தேன். முடிவை நெருங்கியதும் விளக்குகள் மங்கின. அமெரிக்கக் கொடி பின்திரையில் விரிந்தது. படைவீரர் நாளான நவம்பர் 11-ஐ ஒட்டிய வாரத்தில் முன்னாள் வீரர்கள் இவ்வூரில் திரள்வது வழக்கம் என்பதும், மேடையிலிருந்து அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிச் சிறப்பிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாதவை. தரைப்படை, கடற்படை என்று ஒவ்வொரு படைக்கும் உரிய பாடல் ஒலிக்க, ஆங்காங்கே முதியவர்கள் எழுந்தார்கள். என் பக்கத்து முதியவரும் எழுந்தார். எழுந்தவர், வலுவான ஒரு பிடியில் என் முழங்கையையும் பற்றி என்னையும் தூக்கி நிறுத்தினார்.

அரங்கம் முழுவதும் கைதட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் இரு கைகளையும் கூப்பி நான்கு திசைக்கும் வணக்கம் வைத்தேன். கைதட்டல் கூடியது.

“அப்பா, தொப்பியக் கழட்டிப் பாருங்க” என்று மகள் சட்டையை இழுத்தாள்.

கழற்றிப் பார்த்தேன். கருப்புத் துணியில் தங்க நூலால், வியட்நாம் போரின் முன்னாள் வீரர் என்று பொறித்திருந்தது. அந்தப் போர் முடிந்தது 1975-இல். நான் பிறந்தது 1979-இல். என் மனைவி குனிந்து, கீழே விழாத எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

முதியவரிடம் அங்கேயே உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. சீட்டு விற்கும் இடத்துக்குப் போய், தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எட்டு டாலரை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதை வீரனின் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டு மறுபடியும் நன்றி சொன்னார்.

முகாமுக்குத் திரும்பியதும், வண்டியைச் சமன்படுத்தக்கூட நிற்காமல், தொப்பியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு பக்கத்து வண்டிக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. உள்ளே போய் என் தொப்பியை எடுத்து வந்தார். நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தின் பெயர் போட்ட, அதே போன்ற கருப்புத் தொப்பி.

“நானும் பார்க்காமல் இதைப் போட்டுக்கொண்டு முகாம் அலுவலகத்துக்கு ஐஸ் வாங்கப் போனேன்,” என்றார். “நல்லவேளை வந்தீர்கள் என்று சொல்லி, காலையிலிருந்து வைஃபை வரவில்லை, பாருங்கள் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.”

“ஐயோ, என்ன செய்தீர்கள்?”

“இருந்த பெட்டிகளையெல்லாம் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வந்துவிட்டது.”