மரி-கலாந்தில் ஒரு கிண்ணம் பெபெலே

கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சுப் பகுதியான குவாதலூப்பின் புவாந்தாபித்ர் துறைமுகத்திலிருந்து மரி-கலாந்துத் தீவுக்குக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கடல் என் காலைச் சிற்றுண்டியை முழுவதுமாக வாங்கிக்கொண்டுவிட்டது. தீவின் துறைமுக ஊரான கிரான்-பூரில் இறங்கியபோது பசியைவிட வெட்கமே மிகுந்திருந்தது.

1493 நவம்பரில் இவ்வழியே வந்த கொலம்பஸ், தன் கப்பலின் பெயரையே இத்தீவுக்கும் சூட்டினார். பரப்பு 158 சதுர கிலோமீட்டர். வட்டமாகவும் தட்டையாகவும் கிடப்பதால் உள்ளூரார் இதைப் 'பெரிய ரொட்டி' என்று செல்லமாக அழைக்கின்றனர். எங்கு திரும்பினாலும் கரும்பு. வயல்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் அக்கரும்பைப் பிழிந்த காற்றாலைகளின் கல் கோபுரங்கள் இறக்கையிழந்து நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் மாட்டுவண்டிகளில் கரும்பு ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. கடற்கரைகள் அழகானவைதாம், அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர்.

நான் தேடி வந்தது பெபெலே. மாட்டுக்குடலைப் பலமுறை கழுவி, எலுமிச்சை தேய்த்து வேகவைத்து, வாழைக்காய், சீமைப்பலா, உள்ளங்கையில் உருட்டிய 'தோம்ப்ரே' என்னும் கோதுமை மாவுருண்டைகள் ஆகியவற்றுடன் நெடுநேரம் கொதிக்கவிட்டு இறக்கும் கெட்டியான குழம்பு அது. முதலாளிகள் விரும்பாத உறுப்புகளையும் கைக்கெட்டிய காய்களையும் கொண்டு அடிமைகள் சமைத்த உணவு, இன்று தீவின் பெருமையாகிவிட்டது. சந்தையருகே நான்கே மேசைகள் கொண்ட கடையில் அமர்ந்து முதல் கரண்டியை வாயிலிட்டபோது, குடலின் மணத்தைவிடச் சீமைப்பலா கரைந்து தந்த இனிப்பும் மிளகாயின் உறைப்புமே முன்னே வந்தன. காலையில் கடலுக்குக் கொடுத்ததை வயிறு வட்டியுடன் மீட்டுக்கொண்டது.

அடுத்து வந்தது தி-பஞ்ச்: எலுமிச்சைத் துண்டு, கரும்புச் சர்க்கரை, வெள்ளை ரம். வெல்லப்பாகிலிருந்து அல்லாமல் நேரடியாகக் கரும்புச்சாற்றிலிருந்து வடிக்கப்படும் இங்குள்ள ரம்மில் 59 விழுக்காடு மது உண்டு. ஆகையால் புட்டியை மேசையில் வைத்துவிட்டு, அவரவர் அளவை அவரவரே ஊற்றிக்கொள்ள விட்டுவிடுகின்றனர். நான் கோழையைப் போல் ஊற்றினேன். 1848இல் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற மக்கள், மறு ஆண்டுத் தேர்தல் முறைகேட்டால் கொதித்தெழுந்து தோட்டமொன்றின் ரம்மையும் சர்க்கரையையும் குளத்தில் கொட்டினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் 'பஞ்ச் குளம்' என்றே பெயர்.

புறப்படுமுன் சந்தையில் 'கொலோம்போ' மசாலாப் பொடி வாங்கினேன். 1854 முதல் குவாதலூப்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். கொலோம்போ என்னும் பெயர் அவர்களின் 'குழம்பு' என்பதன் திரிபா, கொழும்பு நகரின் பெயரா என்பதில் இரு கட்சிகள் உண்டு. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், வறுத்த அரிசி என்று விற்பனைப் பெண்மணி அடுக்கியபோது, என் அம்மாவும் இப்படித்தான் வறுத்து அரைப்பார் என்றேன். ஆட்டுக்கறியில் அதனுடன் தைம் இலையும் சேர்ப்பாரா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் அது கொலோம்போவே அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.