ஜாவா அகழியின் மேல் நம் எடை ஏன் குறைகிறது?

நேற்று ராத்திரி, செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து வரைந்த கடல் ஈர்ப்பு வரைபடம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தமானுக்கு மேற்கில் தொடங்கி, சுமத்ராவை ஒட்டி இறங்கி, ஜாவாவுக்குத் தெற்கே கிழக்காகத் திரும்பிப் போகிறது ஒரு கருநீலப் பட்டை. அங்கெல்லாம் புவியீர்ப்பு இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்று அர்த்தம். ஜாவா அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தை ஒட்டித்தான் இந்தப் பட்டை ஓடுகிறது. கடலடியின் பெரும் பாறைத் தட்டு ஒன்று பக்கத்துத் தட்டுக்கு அடியில் புகுந்து பூமிக்குள் போகிற இடம் அது.

செயற்கைக்கோள் எதுவும் இல்லாத காலத்திலேயே இந்தப் பட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் வெனிங் மைனெஸ் என்ற டச்சு விஞ்ஞானி. அப்போது ஈர்ப்பை அளக்க நம்பகமான கருவி ஊசல்தான், ஆனால் அலையில் ஆடும் கப்பலில் ஊசலை வைத்து என்ன அளக்க முடியும்? அதனால் 1923-ல் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். அலையின் ஆட்டம் அடங்குகிற ஆழத்துக்கு இறங்கி, ஒரே சட்டத்தில் பல ஊசல்களைத் தொங்கவிட்டு, அவற்றின் ஆட்டத்தை ஒளிக்கதிர் மூலம் புகைப்படத் தாளில் பதிவு செய்தார். கப்பல் பக்கவாட்டில் அசைந்தால் எல்லா ஊசலும் ஒரே மாதிரி பாதிக்கப்படும், ஆகவே இரண்டு ஊசல்களின் வித்தியாசத்தை எடுத்தால் அந்த அசைவு கழிந்துபோகும். எவ்வளவு எளிமையான யோசனை! இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான மனிதர் அவர், அந்தக் குறுகலான கப்பலுக்குள் குனிந்தபடியே இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

அவர் அளந்த குறைவு ஏறத்தாழ 200 மில்லிகால் வரை போகும் (மில்லிகால் என்பது ஈர்ப்பை அளக்கும் ஒரு சிறிய அலகு). மொத்த ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகால். அறுபது கிலோ ஆளுக்கு எடையில் 12 கிராம் குறையும், ஊசல் கடிகாரம் ஒரு நாளைக்கு 9 விநாடி பின்தங்கும். அவ்வளவுதான். ஆனால் நிலவியலில் இது ரொம்பப் பெரிய தொகை.

பாறை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறது, அதனால் ஈர்ப்பு குறைகிறது என்று சொல்லிவிடலாம். தண்ணீரோடு, உள்ளே போகும் தட்டிலிருந்து சுரண்டிக் குவிந்த லேசான வண்டலுக்கும் இதில் பங்கு உண்டு. என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேறு ஒரு கேள்வி. புவியின் மேலோடு, கீழே இருக்கும் கவசம் என்ற தடித்த பாறை அடுக்கின் மேல் கிட்டத்தட்ட மிதக்கிறது, பாரம் இறக்கிய படகு தானாக மேலே எழுவதுபோல, எடை குறைந்த இடம் மெல்ல மேலே எழுந்து சமநிலைக்கு வந்துவிட வேண்டும். அகழி எழவில்லை. பாரம் இல்லாத படகு தாழ்ந்தே கிடக்கிறது என்றால், அடியில் இருந்து ஏதோ இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த 200 மில்லிகால் எனக்குச் சொல்வது இதைத்தான்.

இழுப்பது குளிர். கவசப் பாறை ஒரு கன மீட்டர் சுமார் 3,300 கிலோ இருக்கும், அதை 100 டிகிரி குளிர்வித்தால் அதே கன மீட்டரில் கிட்டத்தட்ட 10 கிலோ கூடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்து குளிர்ந்த தட்டு, சுற்றியுள்ள கவசத்தைவிடப் பல நூறு டிகிரி குளிர்ச்சியாக, அதனாலேயே கனமாக, அமிழ்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் அகழிக்கு மேல் ஈர்ப்பு குறைந்தாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் அதே பகுதியில் ஈர்ப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

சரி, இவ்வளவு குளிர்ந்த ஒன்று உள்ளே போகிற இடத்தில் எரிமலை எப்படி வருகிறது? அகழிக்கும் எரிமலைகளுக்கும் இடைப்பட்ட பகுதி உண்மையிலேயே குளிர்ச்சிதான், தரை வழியாக வெளியேறும் வெப்பம் அங்கே எரிமலை வரிசையில் இருப்பதில் பாதிகூட இருக்காது. ஆனால் தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, தன்னோடு இழுத்துப்போன கவசத்தின் இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து 1,300 டிகிரி அளவில் சூடான பாறை நகர்ந்து வருகிறது. அந்தச் சூடு மட்டும் அந்த ஆழத்தில் பாறையை உருக்கப் போதாது. தட்டின் கனிமங்களில் அடைபட்டிருந்த கடல்நீர் அழுத்தமும் சூடும் ஏற ஏற வெளியேறி மேலே கசிகிறது, தண்ணீர் கலந்த பாறை பல நூறு டிகிரி முன்பாகவே உருகத் தொடங்கிவிடும்.

அந்த வரைபடத்தில் நீலப் பட்டையின் வடபாதிக்குக் கிழக்கே, போர்ட் பிளேருக்கு வடகிழக்கில், பாரன் தீவு ஒரு சின்னப் புள்ளி. இந்தியாவில் இன்றும் சீறுகிற ஒரே எரிமலை. அதற்கு அடியில் போய்க்கொண்டிருப்பது நம் வங்காள விரிகுடாவின் தரை.