பழைய பட்டறையை இடிப்பதற்கு முன்

எங்கள் சங்கம் லண்டன் ஹரோவில் மண்டபம் கட்ட வாங்கிய காணியில் 1960களில் கட்டிய பட்டறை ஒன்று நின்றது. அதை இடிக்க விலை கேட்டபோது ஒப்பந்தக்காரர் முதலில் கேட்டது அஸ்பெஸ்டஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிழைக் கனிமம்) பற்றிய அறிக்கையைத்தான். விற்றவர் தந்த கோப்பில் அப்படியொன்று இருந்ததால், ஒரு வேலை குறைந்தது என்று அனுப்பிவைத்தேன், மறுநாளே திருப்பிவிட்டார். அது கட்டடம் பாவனையில் இருக்கும்போது பராமரிப்புக்காகச் செய்யும் ஆய்வு என்றும், இடிப்பதற்கு முன் செய்யும் ஆய்வு வேறு, அது சுவரையும் தரையையும் உடைத்தே பார்க்கும் என்றும் விளக்கினார். பிறகு புரட்டிப் பார்த்தால், பழைய அறிக்கையில் 'உட்செல்ல முடியவில்லை' என்ற குறிப்பு ஏழு இடங்களில் இருந்தது.

பிரித்தானியாவில் அஸ்பெஸ்டஸின் நீல, பழுப்பு வகைகள் 1985இலும் வெள்ளை வகை 1999இலும் தடை செய்யப்பட்டன. ஆகவே 2000க்கு முன் கட்டிய எதிலும் அது இருக்கலாம் என்று கொண்டே ஆய்வைத் தொடங்குகிறார்கள். கட்டடம் காலியாக இருக்க வேண்டும் என்பதால், அங்கே அடுக்கி வைத்திருந்த விழாப் பாத்திரங்களையும் பாய்களையும் ஒரே இரவில் அப்புறப்படுத்தினோம்.

கூரையில் கிடந்த சாம்பல் நிற நெளி சீற்றைப் பார்த்ததும் எனக்கு ஊர் நினைவு வந்தது. உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டின் மேல் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஆய்வாளர் கூரையில் அதிக நேரம் நிற்கவில்லை. கொதிகலன் அலமாரிக்குள் வெள்ளைச் சாயம் பூசியிருந்த ஒரு சாதாரணப் பலகையின் முன் நின்று, முகக்கவசத்தைச் சரிபார்த்து, பலகையில் நீர் தெளித்து, நனைந்த இடத்தில் உளியால் பெருவிரல் நகமளவு துண்டைக் கிளப்பி, ஒரு சிறு பையிலும் அதை இன்னொரு பையிலும் இட்டு எண் எழுதினார். பெயர்ந்த இடத்தில் நாடா ஒட்டி, கீழே ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டார். சீற்றில் இழைகளைச் சீமெந்து இறுகப் பிடித்திருக்கும். இந்தக் காப்புப் பலகையோ உடைந்தால் இழையை எளிதில் காற்றில் விட்டுவிடும் என்றார்.

பூட்டியிருந்த ஒரு சிற்றறையின் திறப்பு அன்று கிடைக்கவில்லை. பாராத இடத்தில் 'இல்லை' என்று எழுத முடியாது என்று அவர் மறுத்ததால், இரண்டாவது வருகைக்கும் பணம் கட்டினோம். அது எங்கள் கவனக்குறைவுதான்.

ஆய்வுகூடத்தில் முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியால் பார்த்த முடிவுகள் வந்தன. கூரையிலும் தரை ஓடுகளின் அடியில் இருந்த கறுப்புப் பசையிலும் வெள்ளை வகை. அலமாரிப் பலகையில் பழுப்பு வகை. அந்தப் பலகையை உரிமம் பெற்றவர்களே அகற்றலாம், அதுவும் கண்காணிப்பு அதிகாரசபைக்கு 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்த பிறகு. பொலித்தீன் அறை அமைத்து, அகற்றி, காற்றையும் சோதித்துச் சான்றிதழ் தந்த பின்னரே ஒப்பந்தக்காரர் உள்ளே வந்தார்.

கூரைச் சீற்றுகளை உடைக்காமல் முழுதாகக் கழற்றிப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டிருந்தபோது, செயற்குழுப் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "நல்ல சீற் தம்பி, வீணாய்ப் போகுது. என்ர தோட்டக் கொட்டிலுக்கு நாலு தருவாங்களோ?" என்று கேட்டார். கழற்றியதை மறுபடி பயன்படுத்தக் கொடுப்பது இங்கே சட்டவிரோதம் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.