லத்தீன் சுவாமி அழித்துக் காட்டிய இரண்டு சொற்கள்

எங்களுக்கு லத்தீன் படிப்பித்த குருவானவர், லத்தீன் சுவாமி, தவறிவிட்டார் என்ற செய்தி போன மாதம் வந்தது. மேல்மாடிக் கடைசி அறை, மத்தியான வெயில், கையில் சோக்குத்துண்டு: நம்மவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சுவாமி ஓயாமல் பேசிய ஒரு மனிதரைப் பற்றி எழுதுவதே அவருக்குச் செய்யும் அஞ்சலி.

நூலகர் அனஸ்தாசியுஸ். 9ஆம் நூற்றாண்டு உரோமையில் கிரேக்கம் நன்றாகத் தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். 855இல் சில நாட்கள் எதிர்ப் பாப்பரசராக இருந்து விழுந்தவர். பின்னாளில் உரோமைத் திருச்சபையின் நூலகர். தெயோபானஸ் முதலிய மூன்று கிரேக்கர்களின் வரலாறுகளை எடுத்து லத்தீனில் ஒரே நூலாக்கினார். ஆனால் சுவாமி மெச்சியது அவர் 873இல் செய்த வேலையை.

787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு திருவுருவங்களை வணங்கலாம் என்றது. அதன் ஏடுகளை முதலில் லத்தீனாக்கியவர் சொல்லுக்குச் சொல் வைத்துப் போனார். சைப்பிரஸ் ஆயர் கொன்ஸ்தந்தீன் அங்கே சொன்னதைச் சுவாமி கரும்பலகையில் தமிழில் எழுதுவார்: ‘திருவுருவங்களை மரியாதையோடு ஏற்றுத் தழுவுகிறேன், ஆராதனையையோ திரித்துவத்துக்கு மட்டும் செலுத்துகிறேன்.’ பிறகு விரல் நுனியால் ‘யோ’வை அழிப்பார், ‘மட்டும்’ என்பதையும் அழிப்பார்.  லத்தீனில் அந்த ‘யோ’வுக்கு ஈடான சொல்லும் இல்லை, ‘மட்டும்’ என்பதும் இல்லை. மிஞ்சிய சொற்கள் முன் வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டன. திரித்துவக் கடவுளுக்குச் செலுத்தும் ஆராதனையையே உருவங்களுக்கும் செலுத்துவதாக ஆயர் சொன்னதுபோல் ஆகிவிட்டது!

போதாததற்கு, குனிந்து வணங்குவதைக் குறிக்கும் ‘ப்ரொஸ்கினேசிஸ்’ என்ற சொல்லுக்கு ‘அதொராசியோ’ (ஆராதனை) என்று போட்டிருந்தார்கள். உருவங்களுக்குச் செய்யும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு என்று நாம் ஞானோபதேசத்தில் படித்த வேறுபாடு அங்கே மறைந்துபோனது. அதைப் படித்த பிராங்கிய அரசர் சார்லமேனின் இறையியலாளர்கள் கொதித்து, பெரிய மறுப்பு நூலே எழுதினார்கள். 794இல் பிராங்பர்ட் சங்கமும் கண்டித்தது.

அனஸ்தாசியுஸ் முழுவதையும் புதிதாகப் பெயர்த்தார். பழைய பெயர்ப்பு இரு மொழிகளின் மரபையும் கைவிட்டதால் வாசிப்பவருக்கு விளங்குவதே அரிது என்று பாப்பரசர் 8ஆம் யோவானுக்கு எழுதிய முன்னுரையில் காரணம் சொல்கிறார். மொழிபெயர்ப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான பேச்சை நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சுவாமி சொல்வார். 869–870இல் நடந்த கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தின் ஏடுகளைப் பாப்பரசரின் தூதர்கள் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் பறிகொடுத்தார்கள். அனஸ்தாசியுஸ் தனியே கொண்டுவந்த படி தப்பியது. கிரேக்க மூலம் இன்று முழுதாக இல்லை. அவருடைய லத்தீன்தான் மிஞ்சியிருக்கிறது.

சுவாமியின் பாடக் குறிப்புகள் மூன்று கொப்பிகளில், மேசை லாச்சியில் இருந்தன. விமானம் ஏறிய நாங்கள் ஒருவரும் படியெடுத்து வரவில்லை.