கோவிந்துக்கும் ஆண்டாளுக்கும் நடுவில்

போன ஞாயிறு அல்சூர் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து 'தசாவதாரம்' மறுபடி பார்த்தேன். 2008-ல் வந்த படம், எனக்கு அதில் அந்தக் கடைசிக் காட்சி போதும். சுனாமி வடிந்த கடற்கரை, 12ஆம் நூற்றாண்டில் நம்பி என்கிற வைணவ பக்தரோடு சேர்த்துக் கடலில் தள்ளிய பெருமாள் சிலை கரை ஒதுங்கிக் கிடக்கிறது, ஊரையே அழித்திருக்க வேண்டிய கிருமி கடல் நீரின் உப்பில் செத்துவிட்டது. எல்லாம் பெருமாள் செயல் என்கிறாள் கதாநாயகி ஆண்டாள். இத்தனை உயிரைப் பலி கொடுத்தா கடவுள் காப்பாற்றுவார் என்று கேட்கிற விஞ்ஞானி கோவிந்த், அவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொல்கிறான். யார் சொன்னது சரி என்று படம் சொல்லவே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

'7ஆம் அறிவு' படம் பார்த்தபோது இந்த நிறைவு வரவில்லை. பௌத்தத் துறவி போதிதர்மரின் திறமையெல்லாம் மரபணுவில் தூங்கிக்கொண்டிருக்கிறதாம், எழுப்பினால் வந்துவிடுமாம். பத்துத் தலைமுறை தாண்டினாலே ஒரு மூதாதையின் பங்கு சராசரியாக 1,024-ல் ஒன்றுதான், இவரோ 6ஆம் நூற்றாண்டுக்காரர், அதிலும் கற்ற வித்தை மரபணுவில் ஏறுவதில்லை. போதிதர்மர் பெரியவர் என்று சொல்ல இந்தச் சான்றிதழ் எதற்கு? பக்திக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் இல்லை.

சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14. முந்தின நாள் அதன் சின்ன மாதிரியோடு இஸ்ரோ விஞ்ஞானிகள் திருமலைக்குப் போனார்கள். இங்கே பெங்களூரில் எங்கள் தெருவில் அது யாருக்கும் ஆச்சரியமாகவே இல்லை. கணக்கைத் தாங்களே சரிபார்த்துவிட்டு அப்புறம் கும்பிடுகிற அந்த மனிதரை முழுசாகக் காட்டும் படத்துக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

இதே பெங்களூரில் கவிபுரம் கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில் ஒவ்வொரு மகர சங்கராந்தி மாலையும் வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே நுழைந்து லிங்கத்தின் மேல் விழும். ஜனவரியில் அங்கே கூட்டத்தில் நின்றபோது அம்மாவுக்கு விளக்கினேன்: டிசம்பரில் சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்புகிறது, அதனால் போகும்போது நவம்பர் கடைசியிலும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் மறையும், அப்போதும் ஒளி இப்படியே உள்ளே வரணும். கட்டினவர்கள் வானத்தை எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அப்போ நவம்பர்லயும் கூட்டிட்டு வா. கூட்டம் இருக்காது, நிம்மதியா பாக்கலாம்."