லேசாக ஒட்டிய மணலைக் கணினியில் உடைத்தல்

1979-இல் ஆய்வாளர்கள் கண்டலும் ஸ்ட்ராக்கும் வெளியிட்ட தனித்துகள் முறையில் (துகள் துகளாக அசைவைக் கணக்கிடும் கணினி முறை) ஒவ்வொரு மணல் துகளும் தனி உருண்டை. சிமெண்ட் ஒட்டுக்கு, 2004-இல் போட்யாண்டியும் கண்டலும் விவரித்த இணைப் பிணைப்பு, அதாவது இரு உருண்டைகளைச் சிமெண்ட்போல் ஒட்டும் இணைப்பு, பொருந்தும். அது விசையோடு திருப்புத்திறனையும் (சுழற்றும் விளைவையும்) கடத்தும்.

ஆய்வகச் சோதனை முடிவோடு முதலில் விறைப்பைப் பொருத்துங்கள், பிறகுதான் பிணைப்பு வலிமை.

வெறும் உருண்டைகளால் அழுத்த வலிமையைப் பொருத்தினால், இழுவலிமை நிஜத்தைவிட மிக அதிகமாக வரும். உருண்டைகள் எளிதில் உருண்டுவிடுவது முக்கியக் காரணம். பிணைப்பை மட்டும் மாற்றி இதைச் சரிக்கட்ட முயல்வது வீண் வேலை. உருள்தடை சேர்க்க வேண்டும், அல்லது துகள்களைக் கொத்தாக்க வேண்டும்.

உருளை வடிவ மாதிரியை அழுத்தும் தட்டு வேகமாக நகர்ந்தால் மேல், கீழ்த் தட்டுகளின் விசை ஒத்துப்போகாது. வேகத்தைப் பாதியாக்குங்கள், உச்ச வலிமை இறங்கினால் இன்னும் குறைக்க வேண்டும்.

மாதிரியைப் பக்கவாட்டில் சுற்றி அழுத்தும் சூழ் அழுத்தம் குறைவானால், அறுந்த பிணைப்புகள் சாய்ந்த பட்டை ஒன்றில் குவியும். கூடினால் மாதிரி முழுக்கப் பரவலாக அறுந்து, உருளை பீப்பாய்போல் புடைக்கும்.