இடம் மாறிய ஐந்தருவி

"ஏ தம்பி, அருவி இடம் மாறிக் கெடக்கே!"

இன்று காலை குற்றாலம் ஐந்தருவியில், ஈரச் சேலையோடு என் மமியா ஆர்பி67 பிலிம் கேமராவுக்குள் எட்டிப் பார்த்த ஆச்சி சொன்னது.

மேலிருந்து குனிந்து பார்க்கும் அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத்தான் தெரியும். நான் சொன்னதும் ஆச்சி நம்பவில்லை. எதிரே நின்ற பேரனை நகரச் சொல்லி, அவன் கண்ணாடிக்குள் எதிர்ப்பக்கம் போவதை மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் விட்டார்.

பெட்டி இரண்டரை கிலோவுக்கு மேல், ஸ்டாண்டு தனி. '120' என்ற வகைப் பிலிம் ரோல் ஒன்றுக்குப் பத்தே படம். தண்ணீர் பஞ்சு மாதிரி விழ வேண்டுமென்று லென்ஸ் துளையை எஃப்22-க்குச் சுருக்கி, ஷட்டரை ஒரு நொடி வைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடி அதிராமலிருக்க முதலிலேயே அதைத் தூக்கிவிட்டு, படமெடுக்கும் கேபிளை அழுத்தப் போனால் லென்ஸ் முழுக்கச் சாரல். துடை, மறுபடி முதலிலிருந்து.

போனில் இந்நேரம் நூறு எடுத்திருப்பேன். ஆனால் நடு அருவிக்குப் பக்கத்துப் பாறையில் அவ்வளவு பாசி இருப்பதை இத்தனை வருடத்தில் இன்றுதான் கவனித்தேன்.

பத்தாவது படம் ஆச்சிக்கு.

"எங்க, காட்டு."

கழுவினால்தான் தெரியும் என்றேன்.

"அப்போ என் மூஞ்சி அதுக்குள்ளயே கெடக்கட்டும்" என்று பேரனை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.